ஆய்வகம் "வளர்ச்சி இல்லை" என்றது. குஞ்சுகள் ஏன் இன்னும் சாகின்றன?

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமியார் காலத்திலிருந்து வீட்டில் வளர்ந்துவரும் சிறுவிடைக் கோழிகளைப் பெருக்கி, இரண்டு ஆண்டுகளாகச் சிறு பண்ணையாக நடத்துகிறார். 64 பெட்டைகள், 6 சேவல்கள், 200 முட்டை வைக்கும் இன்குபேட்டர் ஒன்று. நான்கு மாதங்களில் மூன்று முறை குஞ்சு பொரித்தும், ஒவ்வொரு முறையும் நான்காம் நாளில் தொடங்கி இரண்டாவது வாரம் முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்துவிட்டன. "பின்புறத்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. எச்சமிடும்போது கீச்சென்று கத்துகின்றன. விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொள்கின்றன. தாய்க்கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை" என்கிறார்.

மருந்துக் கடையில் "வெள்ளைக்கழிச்சல்" என்று சொல்லி லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்தும், தண்ணீரில் கலக்க என்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை, மருந்து குடித்துக்கொண்டிருந்தபோதே இறந்த இரண்டு குஞ்சுகளை ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்திருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். "சால்மோனெல்லா வளர்ச்சி இல்லை" என்று அறிக்கை வந்தது. ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவரோ, தாய்க்கோழிகளின் இரத்தத் துளியை வெள்ளை ஓட்டின்மேல் நீல நிற ஆன்டிஜனுடன் (சோதனைக்கான கிருமிக் கரைசல்) கலந்து பார்த்து, 11 கோழிகளுக்குத் திரிந்திருப்பதாகச் சொல்லிவிட்டார். எதை நம்புவது, கோழிகளைக் கழிக்க வேண்டுமா, இன்குபேட்டரில் ஒன்பது நாளாக இருக்கும் 150 முட்டைகளை என்ன செய்வது, குஞ்சுக்கு முன்பணம் கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார். ஒன்பது வயது மகனுக்கு டைபாய்டு வந்ததும் கோழியால்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்களாம். தொழுவத்தில் ஒரு கன்றுக்குட்டியும் கழிகிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது எச்சமிடும்போது குஞ்சு கத்துகிறது என்ற வரி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது. எச்சம் காய்ந்து வழியை அடைத்துவிடுவதாலும் குடல் அழற்சியாலும் வலியெடுத்துக் கத்துகின்றன. இதையும் இறக்கும் வயதையும், தாய்க்கோழிகள் நலமாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது, சால்மோனெல்லா என்ற பாக்டீரியாக் குடும்பத்தைச் சேர்ந்த புல்லோரம் கிருமி தரும் நோயின்மேல்தான். சந்தேகம் என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். தொப்புள் வழியாக ஏறும் ஈ.கோலை கிருமியாலும் முதல் வாரத்தில் குஞ்சுகள் இறக்கும். விளக்குச் சூடு போதாமல் குளிரில் நடுங்கும் குஞ்சுக்கும் பின்புறத்தில் எச்சம் ஒட்டும். ஆய்வகத்தைத் தாண்டி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரே பெயரில் இரண்டு நோய்கள்

கடைக்காரர்மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றால் ராணிக்கெட் நோய் என்றுதான் பொருள். அது வைரஸ் நோய். குஞ்சு, கோழி என்று பார்க்காமல் எல்லா வயதையும் தாக்கும். கொட்டாவி விட்டு மூச்சு வாங்கும், பச்சை கலந்த வெள்ளையாகக் கழியும், தப்பிப் பிழைத்தவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். உங்கள் கொட்டகையில் பெரிய கோழிகள் ஒன்றுகூட நோய்ப்படவில்லை. புல்லோரம் கிருமியை 1899-இல் அமெரிக்காவில் ரெட்கர் என்பவர் அடையாளம் கண்டார். பிறகு அந்த நோய்க்கு வைத்த பெயரும் "பாசில்லரி வெள்ளைக் கழிச்சல்" என்பதே. இரண்டும் தமிழில் ஒரே சொல்லாக வந்து விழுகின்றன. பெயரைக் கேட்டு மருந்து கொடுத்தால் லசோட்டா போட்டபின்னும் குஞ்சு சாகத்தான் செய்யும். அந்தச் சொட்டு மருந்து வீணில்லை, ராணிக்கெட்டுக்கு அது வேண்டும், தொடர்ந்து போடுங்கள். இந்தக் கிருமியை மட்டும் அது தொடாது.

இந்தக் கிருமிக் குடும்பத்தின் கதையே ஆள்மாறாட்டத்தில்தான் தொடங்கியது. 1885-இல் டேனியல் சால்மன் என்ற கால்நடை மருத்துவரின் கீழ் வேலை செய்த தியோபால்டு ஸ்மித், பன்றிகளில் இதைக் கண்டு, பன்றிக் காய்ச்சலுக்கு இதுவே காரணம் என்று எண்ணினார். அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ் என்று பிறகு தெரிந்தது. சால்மனின் பெயர் மட்டும் கிருமிக்கு நிலைத்துவிட்டது. இன்று இந்தக் குடும்பத்தில் 2,500-க்கு மேற்பட்ட வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஆகவே "சால்மோனெல்லா இருக்கிறதா" என்ற கேள்வியோடு உங்கள் விஷயம் முடியாது. எந்த வகை என்று தெரிய வேண்டும்.

அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது

"வளர்ச்சி இல்லை" என்ற அறிக்கை பொய்யில்லை. ஆய்வகத்துக்குப் போன இரண்டு குஞ்சுகளின் உடலிலிருந்து, அன்றைக்கு, அந்த முறையில், உயிருள்ள சால்மோனெல்லா முளைக்கவில்லை. அவ்வளவுதான் அதற்குப் பொருள். என்ரோஃபிளாக்சசின் குடித்துக்கொண்டிருந்த குஞ்சின் ஈரலில் கிருமி அடங்கிப் போயிருக்கும். இரண்டு நாள் ஃப்ரீசர் மேலும் ஒரு பங்கைக் கொன்றிருக்கும். மருந்துக்கு முன்னால் மாதிரி எடுக்க வேண்டும் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. அது உங்கள் தவறு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். உணவுப் பொருள்களிலும் பண்ணை எச்சத்திலும் சால்மோனெல்லாவைத் தேடுவதற்கு இன்று உலகம் முழுவதும் ஒரு பொதுவான வழிமுறை இருக்கிறது. மாதிரியை முதலில் பெப்டோன் என்ற சத்துக் கலந்த நீரில் 37 டிகிரியையொட்டி ஓர் இரவு வைத்து, நலிந்த கிருமிகளுக்குத் தெம்பேற்றுவார்கள். பிறகு மற்றக் கிருமிகளை அடக்கி, சால்மோனெல்லாவை மட்டும் வளரவிடும் ஊடகத்துக்கு மாற்றி 41.5 டிகிரியில் வைப்பார்கள். அதிலிருந்து எடுத்து, எக்ஸ்.எல்.டி. போன்ற திட ஊடகம் நிரப்பிய தட்டில் இழைத்தால், சிவப்பு விளிம்பும் கறுப்பு நடுவும் கொண்ட புள்ளிகள் எழும். எச்ச மாதிரிக்குப் பெரும்பாலும் பயன்படும் அரைத்திட ஊடகம், கிருமி நீந்திப் பரவுவதை வைத்தே அதைக் கண்டுபிடிக்கிறது. புல்லோரமும், அதன் நெருங்கிய உறவான கோழி டைபாய்டுக் கிருமி கேலினாரமும் நீந்தாதவை. அந்தத் தட்டில் அவை போட்ட இடத்திலேயே கிடக்கும். தட்டில் எழும் புள்ளியும் சிறியது, மெதுவாக வருவது, கறுப்பு நடு தெளிவாகத் தெரியாமலும் போகும். 24 மணி நேரத்தில் பார்த்துவிட்டு மூடிவைத்தால் தப்பிவிடும். 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இவற்றைத் தேடும்போது எச்சத்தை நம்பாமல் ஈரல், மண்ணீரல், இதயம், கரையாத மஞ்சள்கரு ஆகியவற்றிலிருந்து நேரடியாகவே தட்டில் இழைப்பது நல்லது.

ஆய்வகத்தில் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த உறுப்பிலிருந்து எடுத்தீர்கள், எந்த ஊடகம், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். "புல்லோரம், கேலினாரம் சந்தேகம், மருந்து கொடுக்கப்பட்டது" என்று விண்ணப்பத்திலேயே எழுதிக்கொடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்து ஆய்வாளர் வழியை மாற்றிக்கொள்வார். பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை வசதி இருந்தால் அதையும் கேளுங்கள். இறந்த கிருமியின் மரபுத் தடத்தையும் அது பிடிக்கும். ஆனால் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சோதிக்க உயிருள்ள கிருமியே வேண்டும்.

வெள்ளை ஓட்டில் திரிந்த இரத்தம்

அந்தப் பெரியவர் செய்தது பழைய, நல்ல சோதனை. சிறகடி நரம்பில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்துக்கு, நீலஊதா நிறமேற்றிய இறந்த புல்லோரம் கிருமி ஒரு துளி. ஓட்டை மெல்ல ஆட்ட வேண்டும். கோழியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், இரண்டு நிமிடத்துக்குள் தயிர் திரிந்ததுபோல நீலத் துகள்கள் கூடி நிற்கும். இரண்டு நிமிடம் என்பதுதான் இதன் உயிர். அதற்குமேல் துளியின் ஓரம் காய்ந்து, நோயில்லாத இரத்தமும் திரிந்ததுபோலத் தெரியும். "சில மெதுவாகத்தான் திரிந்தன" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிலவற்றை நான் இப்போதைக்கு நோயுள்ளவை என்று எண்ண மாட்டேன். ஆன்டிஜன் புட்டி குளிரில் வந்ததா, திரியும் திரியாது என்று முன்பே தெரிந்த இரத்த நீரோடு வைத்துச் சரிபார்த்தாரா என்பதையும் கேளுங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு பிழை இருக்கிறது. திரியாத 53 பெட்டைகளும் தூய்மையானவை என்று எண்ணிவிட வேண்டாம். அண்மையில் தொற்றிய கோழியில் எதிர்ப்பொருள் இன்னும் எழுந்திருக்காது. பழைய தொற்றில் அது ஏறி இறங்கும். மேலும், புல்லோரத்தின் மேலுறையில் உள்ள 9, 12 என்ற அடையாளங்கள் கேலினாரத்திலும் என்டெரிடிடிஸ் என்ற இன்னொரு வகையிலும் உண்டு. ஓட்டில் இரத்தம் திரிந்தால் இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். உங்கள் சமையலறைக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். அதைக் கீழே சொல்கிறேன்.

எனவே அடுத்த வேலை இதுதான். இரண்டு நிமிடத்துக்குள் தெளிவாகத் திரிந்த கோழிகளில் மூன்றை உயிரோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு வாரமாவது எந்த மருந்தும் குடிக்காதவையாக இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் கோழி நோய்களைப் பார்க்கும் வசதி உண்டு. அறுத்துப் பார்க்கும்போது சினைப்பையை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல முட்டையிடும் கோழியில் மஞ்சள்கருக்கள் சிறிதும் பெரிதுமாகப் பளபளவென்று கொத்தாக இருக்கும். புல்லோரம் தங்கிய கோழியில் அவை சுருங்கி, கோணலாகி, நிறம் செத்து, நீண்ட காம்பில் தொங்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. கிருமி வாழும் இடமும் அதுதான். அங்கிருந்து மஞ்சள்கருவுக்குள் ஏறி, முட்டைக்குள்ளிருந்தே குஞ்சோடு பிறக்கிறது. கிருமி வளர்ந்துவிட்டால், அதன் வகையை உறுதிசெய்ய இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்கும் தேசிய சால்மோனெல்லா மையத்துக்கு ஆய்வகமே அனுப்பிவைக்கலாம்.

மருந்தா, கழிப்பதா

உங்கள் கணவர் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். சாவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் சினைப்பையில் ஒளிந்த கிருமியை மருந்து வேரறுப்பதில்லை. பிழைத்த குஞ்சு வளர்ந்து, பார்வைக்கு நலமான தாயாகி, அதே கிருமியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். முட்டையைப் பார்மலின் புகையில் வைப்பதும் ஓட்டின் மேற்பரப்போடு சரி. பழைய ஆள்கள் சிலர் ஃபியூரசோலிடோனையும் கோலிஸ்டினையும் இன்னும் சொல்லக்கூடும். கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்துவதற்கு 2019 முதல் தடை உள்ளது. ஃபியூரசோலிடோன் சேர்ந்த நைட்ரோஃபியூரான் வகைக்கும் அனுமதி இல்லை. இரண்டையும் தொடாதீர்கள்.

புல்லோரம் உறுதியானால் உங்கள் முன் இரண்டு வழிகள். ஒன்று, கூட்டம் முழுவதையும் கழித்து, கொட்டகையைச் சுரண்டிக் கழுவி, சோதித்த தாய்களிலிருந்து வந்த குஞ்சுகளோடு புதிதாகத் தொடங்குவது. மற்றது, திரிகிற கோழிகளை மட்டும் விலக்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி சோதித்து, குறைந்தது 21 நாள் இடைவெளியில் அடுத்தடுத்த இரண்டு சோதனைகளில் ஒன்றுகூடத் திரியாத நிலைக்குக் கொண்டுவருவது. கடைக் குஞ்சுகளாக இருந்தால் முதல் வழியைத் தயங்காமல் சொல்வேன். மாமியார் காலத்துச் சிறுவிடை வம்சம் என்கிறீர்கள். அதை ஒரே நாளில் குழியில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. 70 கோழிகளை உட்கார்ந்து சோதிக்கலாம். ஆனால் அந்த மாதங்களில் ஒரு முட்டையும் அடைக்கு வைக்கக் கூடாது, ஒரு கோழியும் வெளியே போகக் கூடாது, உள்ளே வரக் கூடாது. அந்த ஒழுங்கு முடியாது என்று தோன்றினால் முதல் வழியே நல்லது. மூன்றாவது நான்காவது சோதனையிலும் புதிதாகத் திரிந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

விலக்கிய கோழிகளைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். அங்கிருந்து இன்னொரு வீட்டுக் கொட்டகைக்குத்தான் போகும். இறந்தவற்றை நாய்க்கும் போடாமல், ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கொட்டகையில் எலி நடமாட்டத்தையும், இரவில் கோழியின் இரத்தம் குடிக்கும் செவ்வுண்ணியையும் ஒழிக்க வேண்டும். இரண்டும் கிருமியைச் சுமப்பவை.

இன்குபேட்டரில் உள்ள 150 முட்டைகளைப் பொரிக்கவிட வேண்டாம். பொரிக்கும் நேரத்தில் ஒரு நோய்க் குஞ்சின் உடம்பிலிருந்து பறக்கும் தூவியே பக்கத்துக் குஞ்சுகளுக்குப் போதும். இயந்திரமும் கெட்டுப்போகும். வருத்தமான ஆலோசனை என்று எனக்குத் தெரியும். முன்பணம் கொடுத்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் சொல்லிவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் விலங்குகளில் தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் புல்லோரமும் கோழி டைபாய்டும் இருக்கின்றன. தன் கோழிக்கு அந்த நோய் இருப்பதாக நம்பக் காரணமுள்ள உரிமையாளர், கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் எழுத்தாகக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக முடிவெடுத்துக் கழிக்கும் கோழிக்கு அரசு இழப்பீடு வரும் என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

மகனின் காய்ச்சலும் கன்றின் கழிச்சலும்

டைபாய்டு காய்ச்சலைத் தரும் டைஃபி என்ற வகை மனிதரிடம் மட்டுமே வாழ்வது. மனிதக் கழிவு கலந்த நீராலும் உணவாலும் பரவுகிறது. கோழி டைபாய்டு என்பது பெயரளவில்தான் டைபாய்டு. அது வேறு கிருமி. புல்லோரமும் அதுவும் மனிதரைத் தாக்குவது மிக அரிது. ஆகவே உறவினர்கள் சொல்வதுபோல மகனுக்கு உங்கள் கோழி டைபாய்டு கொடுக்கவில்லை.

ஆனால் அவனுக்கு வந்தது டைபாய்டுதானா என்று ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது. விடால் என்ற இரத்தச் சோதனையை மட்டும் வைத்துச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன 9, 12 அடையாளங்கள் டைஃபியிலும் உண்டு, என்டெரிடிடிஸிலும் உண்டு. என்டெரிடிடிஸ் பெரிய கோழிக்கு ஒரு குறையும் காட்டாமல், ஓடு சுத்தமாக இருக்கும் முட்டைக்குள் புகுந்து, மனிதருக்குக் காய்ச்சலும் கழிச்சலும் தரும் வகை. விடாலால் இவற்றை நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. நான் கால்நடை மருத்துவர், பிள்ளைக்கு மருந்து சொல்ல மாட்டேன். குழந்தை மருத்துவரிடம் வீட்டில் கோழிகளில் சால்மோனெல்லா சந்தேகம் இருப்பதைச் சொல்லுங்கள். காய்ச்சல் திரும்பினால், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் இரத்தத்தில் கிருமி வளர்ப்புச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவனுக்கு அரைவேக்காட்டு முட்டை கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவேண்டும். கோழிகளுக்கும் என்ரோஃபிளாக்சசின் கொடுத்திருந்தால், அவற்றின் முட்டையை யாரும் சாப்பிட வேண்டாம். எத்தனை நாளுக்கு என்பதை உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டகைச் செருப்பு கொட்டகையிலேயே கிடக்கட்டும்.

கன்றைப் பொறுத்தவரை, புல்லோரம் அதற்குப் பொதுவாக வருவதில்லை. டைஃபிமூரியம் என்ற வகை கோழி, எலி, மாடு, மனிதர் என்று எல்லாரிடமும் தாவும். சாணத்தில் இரத்தமோ சவ்வோ இருந்து காய்ச்சலும் அடித்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். கிருமி சாணத்தில் விட்டுவிட்டு வெளிவருவதால், ஒரே ஒரு நாள் மாதிரியில் இல்லை என்று வந்தால் போதாது. சில நாள் இடைவெளியில் மறுபடி கொடுக்க வேண்டும். அதுவரை கன்றைத் தனியாகக் கட்டி, கடைசியாக அதற்குத் தீனி வையுங்கள்.

இந்த வாரத்துக்கு இரண்டே வேலைகள். தெளிவாகத் திரிந்த மூன்று கோழிகளுக்குக் காலில் சிவப்பு நூல் கட்டித் தனிக் கூண்டில் விட்டு, மருந்து கலக்காத தண்ணீரே வைத்து வளர்த்துவாருங்கள். இன்குபேட்டரிலிருந்து எடுக்கும் முட்டைகளில் கரு இறந்துபோனவையாகத் தெரியும் பத்தை, ஓட்டை உடைக்காமல், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சுத்தமான பையில் வைத்து, உறையவிடாமல் அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். மருந்து படாத மாதிரி உங்களிடம் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. அறிக்கை கையில் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.